அத்திப்பழ ஈரல்

மார்ச் 3, திங்கள்

மதலேன் அக்காவின் மருத்துவ அறிக்கையைப் பிரெஞ்சுக்கு மாற்றி முடித்தேன். அவள் மகள் செசில் பிரான்சில், லியோனில் இருக்கிறாள். அங்கே ஒரு டாக்டரிடமும் காட்டிப் பார்க்க வேண்டுமாம். இந்தப் புதுச்சேரியில் ஊரார் பிறப்பையும் கல்யாணத்தையும் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் நான். ஈரலை மொழிபெயர்ப்பது இதுதான் முதல் தடவை.

கல்லீரல் என்ற இடத்தில் ‘ஃபுவா’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டேனா? பாதிரியார் ஆகவென்று சின்னக் குருமடத்தில் சேர்ந்து இரண்டு வருடம் லத்தீன் படித்தவன் வேறு. (தேவ அழைத்தல் இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் சாப்பாடு சகிக்கவில்லை.) லத்தீனில் ஈரலுக்கு ‘இயேக்குர்’ என்று பெயர். பிரெஞ்சுக்கு லத்தீன்தான் தாய். ஆனால் இந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு ஜாடைகூட இல்லை. நடுவில் என்னவோ நடந்திருக்கிறது.

அறிக்கையின் கடைசி வாக்கியம்: மாற்று ஈரல் பொருத்தாவிட்டால் நோயாளி மழைக்காலம் வரை தாங்குவது கடினம். அதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். எளிய வாக்கியம்தான்.

மார்ச் 4, செவ்வாய்

சென்னை போய் வந்தேன். ஒரு வேலை இருந்தது.

சரி, இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? ஸ்கேன் எடுக்கப் போனேன். செசிலுக்கு ரத்த வகை சேரவில்லை. அத்தானுக்குச் சர்க்கரை. மிச்சம் இருப்பது அக்காவின் ஒரே தம்பி, கல்யாணம் ஆகாத, எண்பத்தாறு கிலோ கஸ்பார். என் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி அக்காவுக்கு வைப்பார்களாம். எனக்கு அது திரும்ப வளர்ந்துவிடுமாம். டாக்டர் ஷைலஜா இதைத் தலைமுடி வெட்டுகிற மாதிரி சொன்னார்.

“ஆனா சார், உங்க லிவர்ல கொழுப்பு பதினெட்டு சதவீதம் இருக்கு. பத்துக்குக் கீழ வந்தாதான் எடுக்க முடியும். எண்ணெய், இனிப்பு, தேங்கா, ஆட்டுக்கறி எல்லாத்தையும் நிறுத்துங்க. தினம் நடங்க. அஞ்சு வாரம் கழிச்சு வாங்க, பாப்போம்.”

அக்காவுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தெரிந்தால் சாமி சத்தியமாக ஒத்துக்கொள்ள மாட்டாள். ஸ்கேன் சரியாக வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். செசிலும் அதுதான் நல்லது என்றாள்.

பயமெல்லாம் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அந்தச் சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நல்ல யோசனை ஒன்று கிடைத்தது. இன்றைக்குத் தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை ஒருசந்தி இருக்கப்போகிறேன், ஒரு வேளைதான் சாப்பாடு, கறி கிடையாது என்று சொல்லிவிட்டால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? என் டயட்டுக்குத் திருச்சபையே முட்டுக்கொடுக்கும்.

பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு நெல்லித்தோப்பில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கி, கண் மஞ்சளாக இருக்கிறது. அவளுக்கு உப்பில்லாத கஞ்சி. எனக்கு வழக்கம்போல மதியச் சாப்பாடு. பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

“என்னடா, எழுந்திரிச்சிட்ட?”

“ஒருசந்திக்கா. இந்த வருஷம் முழுசா இருக்கப் போறேன்.”

அக்கா என் நெற்றியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். “நல்லதுடா” என்று மட்டும் சொன்னாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவேயில்லை.

எங்கள் தெருவில் பிராந்திக் கடையே கதியென்று கிடப்பவர்கள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். கிறிஸ்மஸ் ஒயினைக்கூட மோந்து பார்க்காத அக்காவுக்கு ஈரல் போய்விட்டது. உடம்பே தன் ஈரலைத் தானே அரிக்கிற வியாதியாம். ஆண்டவர் கணக்கு எனக்குப் புரியவேயில்லை, புரிய வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

பீச் ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். முழங்கால் போய்விட்டது.

மதியம் அக்கா வீடு. இலையில் வாத்துக்கறி, தேங்காய்ப்பால் சோறு, கத்திரிக்காய்ப் பொரியல். “அக்கா, தவக்காலம்” என்றேன்.

“ஞாயித்துக்கெழம ஒருசந்தி கெடையாதுடா. உனக்கு தெரியாதா? குருமடத்துல என்ன படிச்ச?”

திருச்சபைச் சட்டம் அவள் பக்கம் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்கச் சமைத்திருக்கிறாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டாள்.

நாளை இன்னும் கொஞ்சம் தூரம் நடக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

சிஸ்டர் ஜூலியானாவைப் பார்க்க மடத்துக்குப் போனேன். இத்தாலியில் முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். இத்தாலியில் ஈரலை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன்.

“ஃபேகதோ. ஏன், பொறிச்சு சாப்பிடப் போறியா? வெங்காயம் நெறைய போடணும்.”

ஃபேகதோ! வீட்டுக்கு வந்து மற்ற மொழிகளையும் தேடிப் பார்த்தேன். போர்த்துகீசியனுக்கு ஃபீகதோ. ஸ்பானியனுக்கு ஈகதோ. பழைய காலத்து ‘ஃப’ அவர்களிடம் பல சொற்களில் உதிர்ந்துவிட்டது. எங்கோ கிழக்கே தனியாகக் கிடக்கிற ருமேனியனுக்கு ஃபிகாத். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். என் பிரெஞ்சு ஃபுவாவும் இந்தக் கூட்டம்தான், தேய்ந்து தேய்ந்து ஒரு மூச்சாகிவிட்டது.

ஆக, ரோமாபுரி விழுந்து சிதறுவதற்கு முன்பே ஜனங்கள் ‘இயேக்குர்’ என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கையும் காலும் பழைய பெயரிலேயே இருக்க, ஈரலுக்கு மட்டும் ஏன் பெயர் மாற்றினார்கள்? அது தெரியாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மீண்டும் ஞாயிறு. மீண்டும் வாத்து. எழுத வேறொன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

இன்று சூசையப்பர் திருநாளாம். அத்தான் பெயர் சூசைநாதன். பெயர்கொண்ட திருநாளுக்கு அக்கா நெய்ச்சோறும் கேசரியும் செய்திருந்தாள். “திருநாளுக்கு ஒருசந்தி இல்லடா.”

அத்தான் தட்டில் கேசரி ஒரு கரண்டி. பாத்திரத்தில் மிச்சமெல்லாம் எனக்கு. திருநாள் யாருக்கு என்றே தெரியவில்லை.

நல்ல பொய்யாகப் பார்த்துச் சொன்னேன் என்று நினைத்தேன். திருச்சபைக் காலண்டரில் இத்தனை ஓட்டைகள் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

மார்ச் 22, சனி

கிடைத்துவிட்டது!

நூலகத்தில் பழைய சொற்பிறப்பு அகராதி ஒன்று, பக்கங்கள் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன. தும்மிக்கொண்டே படித்தேன். விஷயம் இதுதான். கிரேக்கர்கள் வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தை ஊட்டி ஊட்டி வளர்ப்பார்களாம். ஈரல் கொழுத்துப் பெரிதாகும், தித்திக்கும். விருந்தில் அதற்குத்தான் அடிதடி. அதை ‘அத்தியிட்ட ஈரல்’ என்றார்கள். ரோமானியர்கள் அந்தச் சமையலையும் பெயரையும் அப்படியே அச்செடுத்தார்கள். லத்தீனில் அத்தி ‘ஃபீக்குஸ்’. அத்தியிட்டது ‘ஃபீக்காத்தும்’. ‘இயேக்குர் ஃபீக்காத்தும்’ என்றால் அத்தியிட்ட ஈரல்.

அதற்குப் பிறகு நடந்ததை நம் ஊர் டீக்கடையில் தினமும் பார்க்கலாம். யாராவது ஃபில்டர் காபி என்று முழுசாகக் கேட்கிறார்களா? “ஒரு ஃபில்டர்” என்கிறார்கள், காபி வருகிறது. அங்கேயும் “அத்தியிட்டது ஒண்ணு குடுப்பா” என்றிருப்பார்கள். ஈரல் என்ற சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அப்புறம் அத்தியையே பார்க்காத ஆட்டு ஈரலும் அத்தியிட்டதாயிற்று. கடைசியில் மனுஷன் ஈரலும்.

இன்றைக்கு லியோனில் ஒரு டாக்டர் அக்காவின் அறிக்கையைக் கையில் எடுத்து ‘ஃபுவா’ என்கிறாரே, அவர் வாயில் ஒரு கொழுத்த வாத்து உட்கார்ந்திருக்கிறது. அது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்! நூலகத்தில் எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாளை அக்காவிடம் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து என் சொல் கதைகளைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

மார்ச் 23, ஞாயிறு

சொன்னேன். முருங்கைக்காய் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏன்டா, அவ்ளோ பெரிய ஊருக்காரங்க, ஈரலுக்கு ஒரு பேரு கெடைக்காம அத்திப்பழத்தயா வச்சாங்க? கிறுக்குப் பசங்க” என்று சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. அப்புறம் கரண்டி நின்றது.

“அத்திப்பழம் குடுத்தா நெஜமாவே ஈரல்ல கொழுப்பு ஏறுமா?”

“ஏறித்தானே பேரே வந்துச்சு.”

“எவ்ளோ நாள் ஆவும்?”

“வாத்துக்கா? அதெல்லாம் அகராதில போடலக்கா.”

“சும்மா கேட்டேன்” என்று மீண்டும் கிண்ட ஆரம்பித்தாள்.

அக்காவின் ஆர்வம் இன்னும் அப்படியே இருக்கிறது. நோய் அதைத் தொடவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் மூன்று வடை கூடுதலாகத் தின்றுவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

மங்கள வார்த்தைத் திருநாள். ஒருசந்தி இல்லை, கேட்கவே வேண்டாம். பாலில் ஊறவைத்த அத்திப்பழம், மேலே தேன். கதை அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போய்விட்டது பாருங்கள்!

மார்ச் 30, ஞாயிறு

அத்திப்பழ அல்வா. நெய் விரலில் வழிந்தது. மாலை கடற்கரையில் நடக்கப் போனேன். காந்தி சிலை வரை போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

பேன்ட் பொத்தான் போடவில்லை. துவைத்ததில் சுருங்கியிருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இருபத்தொன்று.

டாக்டர் ஷைலஜா இரண்டு தடவை திரையைப் பார்த்தார். “சார், கொறையணும்னு சொன்னேன். ஏறியிருக்கு. அப்படி என்ன சாப்பிடுறீங்க?”

வாரத்தில் ஐந்து நாள் பச்சைத் தண்ணீரும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தேன் என்று சொன்னால் நம்புவாரா? மிச்ச நாட்களைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“உங்க அக்காவுக்கு அதிக டைம் இல்ல. நீங்க சீரியஸா இல்லன்னா சொல்லிடுங்க” என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிரம்பால் அடித்திருக்கலாம். பஸ்ஸில் வெட்கத்தில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன். பெற்றவளுக்குப் பதிலாக என்னை வளர்த்தவளுக்காக வாயைக் கட்டக்கூடவா என்னால் முடியவில்லை?

ஏப்ரல் 9, புதன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அத்தான் பையோடு வந்துகொண்டிருந்தார். பைக்குள் கயிற்றில் மாலையாகக் கோத்த உலர்ந்த அத்திப்பழம்.

“மாப்ள, பெரிய மார்க்கெட்ல இவ்ளோதான் கெடச்சுது. தெனமும் இதே பாட்டு, அத்திப்பழம் வாங்கியாங்க, அத்திப்பழம் வாங்கியாங்கனு. சரி நாமளும் ஒண்ணு வாயில போடுவோம்னு எடுத்தா, கைய தட்டி விடுறா. எல்லாம் கஸ்பாருக்காம்.”

அங்கேயே நின்றுவிட்டேன். ஞாயிறுகள், திருநாள்கள், வாத்து, தேங்காய்ப்பால், கேசரி. எவ்வளவு நாள் ஆகும் என்று நின்ற கரண்டி. அட மடையா, மடையா! செத்த மொழியில் ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தும்மிக்கொண்டு தேடத் தெரிந்தது. என் இலையில் என்ன விழுகிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

அடுப்படிக்குப் போனேன். “உனக்கு எப்பக்கா தெரியும்?”

எது என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். “சாம்பல் புதன் அன்னைக்கே.”

“யாரு சொன்னது? செசிலா?”

“நீதான் சொன்ன. ஒருசந்தி இருக்க முடியாமதான் குருமடத்துலேந்து ஓடியாந்த. அப்பா நம்புனாரு, நான் நம்புனனா? நாப்பத்தஞ்சு வயசுல பக்தி பொத்துக்கிட்டு வந்துச்சாம். பாதி சோத்துல எந்திரிக்கிற ஆளாடா நீ? அன்னைக்கு சாயந்தரமே செசிலுக்கு போன் போட்டு, தம்பி எங்க போயிட்டு வந்தான்னு கேட்டேன். அவ அழுதுட்டா, ஸ்கேன்லேந்து கொழுப்பு வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன தெரியணும்?”

“அதனால என்னை வாத்து மாதிரி கொழுக்க வெச்சியா?”

“ஆமாண்டா. டாக்டருங்க வேணாம்னு தொரத்தட்டும்னுதான் வெச்சேன். அம்மா போனப்ப உனக்கு ஏழு வயசு. எனக்கு பதினஞ்சு. அன்னைலேந்து உன் வயித்த நெறைக்கத்தான் எனக்கு தெரியும். அத கிழிக்க என்னைய சரின்னு சொல்லச் சொல்றியா?”

“நீ செத்துப்போயிடுவக்கா!”

கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அன்றைக்கு இரண்டு நிமிடத்தில் மொழிபெயர்த்து முடித்த வாக்கியம் அதுதான். தமிழில் சொல்ல ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. அத்தான் பையோடு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“செத்தா சாவுறேன். நீ முழுசா இரு” என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்தது என்று தெரியவில்லை. “சரி. நீ ஒத்துக்குற வரைக்கும் உன் கையால ஒரு பருக்க தொட மாட்டேன். ஞாயித்துக்கெழமையும் கெடையாது, திருநாளும் கெடையாது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

போகவில்லை. கோயிலில் குருத்தோலையை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியம் வெள்ளரிக்காய். அக்கா மூன்று தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. இப்படி ஒரு ஞாயிறு என் வாழ்க்கையில் வந்ததில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

செசில் பேசினாள். “மாமா, அம்மா சாப்பிடவே மாட்டேங்குறாங்களாம். அப்பா சொல்றாரு.”

“நானுந்தான் சாப்பிடல” என்றேன்.

“ரெண்டு பேரும் சின்னப் பசங்களா? நான் இங்க ஒக்காந்து என்ன பண்றது?” என்று அழுதாள். ஆனாலும் இறங்கி வரவில்லை. அக்காவை வேறு எதைச் சொல்லியும் வழிக்குக் கொண்டுவர முடியாது, இது ஒன்றுதான் அவளுக்கு வலிக்கும். அது தெரிந்தேதான் செய்கிறேன். நல்லவன் வேலையில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அத்தான் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். பெரிய வெள்ளிக் கஞ்சி, வருடா வருடம் அக்கா காய்ச்சுவது. அதில் கொழுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

“மாப்ள, இன்னைக்குமா?” என்றார். வாளியை எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பத்து மணிக்குத் தெரு முழுக்க வதக்கல் வாசனை. எந்த வீட்டில் ஆடு, எந்த வீட்டில் கோழி என்று மூக்காலேயே சொல்லிவிடலாம். நாற்பது நாள் தவம் முடிந்து ஊரே உட்கார்ந்து தின்கிற நாள்.

அத்தான் வந்தார். கையில் நாலடுக்கு கேரியர். “பாக்காம திருப்பி அனுப்பக்கூடாதாம். தொறந்து பாரு, அப்புறம் உன் இஷ்டம்னா.”

வாத்தாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எச்சிலும் ஊறியது, பொய் சொல்லவில்லை. முதல் அடுக்கைத் திறந்தேன். அவித்த வாழைத்தண்டு. இரண்டாவதில் முளைகட்டிய பாசிப்பயறு, தாளிக்காதது. மூன்றாவதில் அவித்த மீன் ஒரு துண்டு, எலுமிச்சம்பழத்தோடு. கடைசியில் கைப்பிடி அளவு கேழ்வரகுக் களி. அந்த நாலடுக்கிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

மதலேன் அக்கா, ஈஸ்டர் அன்றைக்கு, எனக்கு இதை அனுப்பியிருக்கிறாள்!

“ஒண்ணு வெக்காம சாப்பிடச் சொன்னா” என்றார் அத்தான். “நாளைலேந்து மூணு வேளையும் அங்கதான் வரணுமாம். வெளிய எதையாச்சும் தின்னன்னு தெரிஞ்சுது, கால ஒடச்சிடுவாளாம்.”

நான் கேரியரின் முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அத்தான் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வாழைத்தண்டு சப்பென்று இருந்தது. ஊருக்கெல்லாம் இன்றைக்கு முடிந்த தவக்காலம் எனக்கு இன்றைக்குத்தான் தொடங்குகிறது.

மே 11, ஞாயிறு

தினம் களி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் தண்ணீர் குடிப்பதைக்கூடக் கண்காணிக்கிறாள். ஒரு வடை கேட்டேன். முறைத்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

எட்டு. டாக்டர் ஷைலஜா கை கொடுத்தார். “எப்படி சார் பண்ணீங்க?” என்று கேட்டார்.

சமையல்காரி மனசு மாறிவிட்டாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சென்னைக்குப் போகும் காரில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். நாளை இரண்டு பேருக்கும் அட்மிஷன், மறுநாள் காலை ஆபரேஷன். முன் சீட்டில் அத்தான் ஜெபமாலை உருட்டுகிறார். பக்கத்தில் அக்கா. இளைத்துப்போய் என் தோளில் சாய்ந்திருக்கிறாள்.

திண்டிவனம் தாண்டியதும் கேட்டாள். “ஏன்டா, அந்த வாத்துக்கு பயமா இருந்திருக்குமா?”

“அதுக்கு என்னக்கா தெரியும்.” நோட்டை மூடி மடியில் வைத்தேன். “எனக்கு பயமா இருக்குக்கா.”

மார்ச்சிலிருந்து இந்த நோட்டில்கூட இதை எழுதவில்லை. சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

“எனக்குந்தாண்டா” என்றாள். கைப்பையைத் திறந்து ஒரு அத்திப்பழத்தை எடுத்தாள். கயிற்றில் கோத்த அந்த மாலையில் ஒன்றே ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்! நகத்தால் கீறி இரண்டாகப் பிய்த்தாள். சமமாக வரவில்லை. ஒரு நொடி இரண்டையும் பார்த்துவிட்டுப் பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். நான் சின்னதை எடுத்துக்கொண்டேன்.

“டாக்டர் திட்டுவாங்க” என்றேன்.

“பாதிதானடா” என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

நானும் போட்டுக்கொண்டேன். செங்கல்பட்டு வரை பல்லிடுக்கில் விதை நெருடிக்கொண்டே வந்தது.